ஷவரில் தண்ணீர் வேகம் இல்லையா? வீட்டுப் பிரஷர் பம்பைத் தேர்ந்தெடுக்கவும் பழுது கண்டறியவும் ஒரு வழிகாட்டி

மாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மேல்தளக் குளியலறை ஷவரில் நூல்போலத்தான் இறங்குகிறது என்றால், பலருக்கும் முதலில் தோன்றுவது ஒரு பிரஷர் பம்பை வாங்கிப் பொருத்திவிடலாம் என்பதுதான். பொருத்திய பிறகு சில வீடுகளில் குறை முற்றிலும் தீர்ந்துவிடுகிறது. வேறு சில வீடுகளிலோ மோட்டார் சத்தம் புதிதாகச் சேர்கிறதே தவிர, ஷவர் பழையபடியே இருக்கிறது. பம்ப் நல்லதா கெட்டதா என்பதைக் காட்டிலும், தண்ணீர் எந்த இடத்தில் தன் வேகத்தை இழக்கிறது என்று வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்தார்களா என்பதுதான் இந்த இரு வகை வீடுகளையும் பிரிக்கிறது. அப்படி அளப்பதற்கு ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஓர் அளவு நாடா ஆகிய மூன்றுமே போதும்.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

'தண்ணீர் வேகமாக வரவில்லை' என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வெவ்வேறு அளவுகள் கலந்திருக்கின்றன. குழாய் மூடியிருக்கும்போது அதன் வாயில் தண்ணீர் எவ்வளவு பலத்தோடு முட்டி நிற்கிறது என்பது அழுத்தம். குழாயைத் திறந்தபின் ஒரு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வெளியே வருகிறது என்பது ஓட்டம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தத்தைத் தருவது உயரம் ஒன்றுதான். தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து ஷவர் வரை செங்குத்தாக 10 மீட்டர் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். 2 மீட்டர்தான் இருக்கிறது என்றால் 0.2 பார் மட்டுமே கிடைக்கும். தொட்டி 500 லிட்டர் கொள்வதா, 2000 லிட்டர் கொள்வதா என்பது இந்தக் கணக்கில் வராது. ஆகவே வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் பெரிய தொட்டிக்குச் செலவு செய்வது வீண். தொட்டி நிற்கும் மேடையை ஒரு மீட்டர் உயர்த்தினாலும் கூடுவது 0.1 பார்தான்.

குழாயைத் திறந்தவுடன் இன்னொரு கணக்கு தொடங்குகிறது. ஓடும் தண்ணீர் குழாயின் உட்சுவரோடும் ஒவ்வொரு எல்போவோடும் வால்வோடும் உரசி, உயரம் தந்த அழுத்தத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. இந்த இழப்பு குழாயின் உள்விட்டத்தைப் பொறுத்து மிகக் கடுமையாக மாறக்கூடியது: அதே ஓட்டத்துக்கு உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். பழைய இரும்புக் குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே துரு எப்படி அப்பிக்கொண்டு விரல்கூட நுழையாத துளையை மட்டும் விட்டுவைத்திருக்கும் என்பது தெரியும். அப்படிப்பட்ட குழாயில் எவ்வளவு பெரிய பம்பைப் பொருத்தினாலும், அது உண்டாக்கும் அழுத்தத்தில் பெரும்பகுதியைத் துருவே தின்றுவிடும். ஒரே குளியலறையில் ஒரு குழாயைத் திறந்துவைத்துவிட்டு இரண்டாவதையும் திறந்து பாருங்கள். முதல் குழாயின் வரத்து உடனே சரிந்து விழுகிறது என்றால், அந்த அறைக்கு வரும் பொதுக்குழாய் குறுகலாக இருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இந்தக் குறை வீடு கட்டிய நாளிலிருந்தே இருக்கிறதா, இடையில் வந்ததா என்பதுதான். தொடக்கத்திலிருந்தே மேல்தளத்தில் மட்டும் வேகம் குறைவு என்றால், அது உயரப் பற்றாக்குறை. பம்ப் அதற்குப் பொருத்தமான தீர்வு. ஆறு மாதம் முன்புவரை நன்றாக வந்துகொண்டிருந்தது இப்போது குறைந்துவிட்டது என்றால், தொட்டி கீழே இறங்கிவிடவில்லை. எங்கோ ஓர் அடைப்போ பழுதோ ஏற்பட்டிருக்கிறது. அதைத் தேடாமல் பம்பைப் பொருத்தினால் பழுது அப்படியே இருக்க, அதன் மேல் ஒரு மோட்டாரை ஏற்றிவைத்ததாகத்தான் ஆகும்.

அடுத்ததாக, குறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு குழாயில்தான் குறை என்றால், அதன் முனையில் உள்ள சல்லடை போன்ற ஏரேட்டரைக் கழற்றிப் பார்த்தால் மணலும் சுண்ணாம்புத் துகளும் இருக்கும். ஷவரானால் தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். வெறுங்குழாயில் நன்றாக வந்து, தலையை மாட்டியதும் குறைந்தால், துளைகள் உப்பேறி அடைத்திருக்கக்கூடும். வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெந்நீர் மட்டும் குறைவாக வருகிறது என்றால் கீசரின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டியையோ, தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வையோ பார்க்க வேண்டும். ஒரு குளியலறை முழுவதும் குறை என்றால் அந்த அறைக்கு வரும் கிளைக்குழாயின் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். வீடு முழுவதும் குறை என்றால் தொட்டியின் வெளிவாய், அதை ஒட்டிய கேட் வால்வு, தொட்டியின் அடியில் படிந்த சேறு, குழாயில் அடைபட்ட காற்று ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கேட் வால்வைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரை ஏமாற்றுவது அதுதான். பல ஆண்டுகள் தொடாமல் கிடந்த கேட் வால்வில், உள்ளே இருக்கும் கதவு தன் தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் தொங்கிவிடுவது உண்டு. கைப்பிடி தாராளமாகச் சுழலும், முழுக்கத் திறந்துவிட்டது போலவும் தோன்றும். கதவோ இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் வீட்டில் பம்ப் வாங்குவதற்கு அளவெல்லாம் எடுத்து முடித்த பிறகு, தொட்டியைக் கழுவும் வேளையில் அந்த வால்வைக் கழற்ற நேர்ந்தபோதுதான் இதைக் கண்டோம். வால்வை மாற்றியதும் கீழ்த்தளத்துக்கு எந்தப் பம்பும் தேவைப்படவில்லை. அதே இடத்தில் புதிதாகப் பொருத்துவதானால், கைப்பிடியின் நிலையைப் பார்த்தாலே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியும் முழுத்துளைப் பால் வால்வையே நான் பரிந்துரைப்பேன்.

தொட்டியைக் காலிசெய்து கழுவிய மறுநாள் வேகம் குறைந்தால், காற்றடைப்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும். குழாய் எங்காவது மேலேறி மறுபடி கீழிறங்கும் வளைவில் காற்று தேங்கிக்கொண்டால், குறைந்த அழுத்தத்தில் வரும் தண்ணீரால் அதைத் தள்ள முடியாது. கீழ்த்தளக் குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழுமையாகத் திறந்து சில நிமிடங்கள் ஓடவிட்டால் பல வீடுகளில் காற்று வெளியேறிவிடும். இது அடிக்கடி நேர்கிறது என்றால், தொட்டியின் வெளிவாய் வால்வுக்கு அடுத்தபடியாக ஒரு காற்றுக்குழாயை மேலே எழுப்பி, அதன் முனை தொட்டியின் உச்ச நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும்படி திறந்து விடுவதுதான் நிலையான தீர்வு. பின்னர் அந்தக் குழாய்த்தொடரில் பம்ப் வைப்பதானால், இந்தக் காற்றுக்குழாய் பம்புக்கு முந்திய பக்கத்திலேயே இருக்க வேண்டும். பம்புக்குப் பிந்திய பக்கத்தில் இருந்தால் அது வழியாகத் தண்ணீர் மாடியில் பீய்ச்சி அடிக்கும்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று உறுதியான பிறகு வாளிச் சோதனையைச் செய்யுங்கள். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால் அந்தக் குழாயின் ஓட்டம் நிமிடத்துக்கு 10 லிட்டர். சாதாரண ஷவரில் நிம்மதியாகக் குளிக்க நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டரும், அதை நல்ல விசையோடு தெளிக்க ஏறத்தாழ 1 பாரும் வேண்டும். தலைக்கு மேல் அகலமாக மழைபோலப் பொழியும் ஷவர்களுக்கு இவை இரண்டுமே கூடுதலாகத் தேவைப்படும்.

எவ்வளவு பம்ப் வேண்டும்

பம்பைக் குதிரைத்திறனைச் சொல்லிக் கேட்பது பழக்கமாகிவிட்டது. ஆனால் குதிரைத்திறன் மோட்டார் எவ்வளவு மின்சாரத்தை உழைப்பாக மாற்றும் என்பதைச் சொல்கிறதே தவிர, உங்கள் ஷவரில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை. நீங்கள் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை இரண்டு எண்கள்: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் ஹெட். ஹெட் என்பது பம்ப் தரும் அழுத்தத்தை நீர்த்தூணின் உயரமாகச் சொல்லும் அளவு; 10 மீட்டர் ஹெட் ஏறத்தாழ 1 பார்.

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். மேல்தளத்தில் இரண்டு குளியலறைகளும் ஒரு சமையலறையும் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இரண்டு ஷவர்களும் ஒரு சமையலறைக் குழாயும் திறந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், 10 உடன் 10, அதோடு 5, ஆக நிமிடத்துக்கு 25 லிட்டர். ஷவரில் 1.5 பார் வேண்டும் என்று விரும்பினால் அது 15 மீட்டர் ஹெட். தொட்டியின் அடிமட்டத்திலிருந்து ஷவர் வரை அளந்தால் 2 மீட்டர் இருக்கிறது. தொட்டி ஏறக்குறையக் காலியாக இருக்கும் நேரத்திலும் குளிக்க வேண்டும் என்பதால் அடிமட்டத்திலிருந்துதான் அளக்க வேண்டும். குழாய் உராய்வுக்கு 4 மீட்டர் ஒதுக்குவோம். 15 இலிருந்து 2 ஐக் கழித்து 4 ஐக் கூட்டினால் 17 மீட்டர். ஆக, நிமிடத்துக்கு 25 லிட்டர் தரும்போது 17 மீட்டர் ஹெட்டும் தரக்கூடிய பம்ப் தேவை.

பெயர்ப்பலகையில் 'அதிகபட்ச ஹெட் 20 மீட்டர், அதிகபட்ச ஓட்டம் 40 லிட்டர்' என்று போட்டிருந்தால் நம் தேவைக்கு அது தாராளம் என்று தோன்றும். அந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. வெளிவாய் முழுக்க மூடியிருந்து ஒரு சொட்டும் ஓடாதபோதுதான் அதிகபட்ச ஹெட். எதிர்ப்பே இல்லாமல் திறந்து கிடக்கும்போதுதான் அதிகபட்ச ஓட்டம். இடைப்பட்ட நிலையில் என்ன கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் தரும் வளைகோட்டிலோ அட்டவணையிலோதான் பார்க்க முடியும். மேலே சொன்ன பம்ப் 25 லிட்டர் ஓட்டத்தில் 17 மீட்டரைத் தர வாய்ப்பில்லை. வளைகோட்டைக் காட்ட முடியாத பம்பை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இதே தேவையைச் சக்தியாக மாற்றிப் பார்த்தால், தண்ணீருக்குச் சேர வேண்டிய சக்தி ஏறத்தாழ 70 வாட்தான். சிறிய பம்புகளின் செயல்திறன் குறைவு. 30 சதவீதம் என்று கொண்டாலும் 230 வாட் போதும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆகவே இரண்டு குளியலறை வீட்டுக்கு அரைக் குதிரைத்திறன் பம்பே போதுமானதாக இருக்க, 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒன்றரைக் குதிரைத்திறன் வாங்குவது நன்மை தராது. அளவுக்கு மீறிய பம்ப் ஒரு குழாயைத் திறந்தவுடன் அழுத்தத்தை நொடியில் ஏற்றி நிறுத்திக்கொண்டு, மறுநொடி மீண்டும் ஓடத் தொடங்கும். இந்த ஓயாத ஓட்டமும் நிறுத்தமும்தான் மோட்டாரின் ஆயுளைக் குறைக்கிறது.

வீடு முழுவதற்கும் அழுத்தம் ஏற்ற வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். குறை பெரும்பாலும் மேல்தளத்தில்தான் இருக்கும். அதற்கு இரண்டு தளம் கீழே உள்ள குழாய்களுக்கு உயரமே 6, 7 மீட்டர் ஹெட்டைத் தந்துகொண்டிருக்கும். தொட்டியிலிருந்து மேல்தளத்துக்கு மட்டும் தனிக்குழாய் இறக்கி, அதில் மட்டும் ஒரு சிறிய பம்பைப் பொருத்தினால் செலவும் குறையும், கீழ்த்தளத்துப் பழைய இணைப்புகளும் தேவையில்லாத அழுத்தத்திலிருந்து தப்பும்.

எந்த வகை

ஃப்ளோ சுவிட்ச் உள்ள இன்லைன் பம்ப் சிறியது, சத்தம் குறைந்தது, குழாயின் நடுவிலேயே பொருந்திவிடும். ஒன்று அல்லது இரண்டு குளியலறைகளுக்கு நான் முதலில் பரிசீலிப்பது இதைத்தான். தண்ணீர் தானாகவே ஓடத் தொடங்கினால்தான் அந்தச் சுவிட்ச் பம்பை இயக்கும் என்பதே இதன் கட்டுப்பாடு. ஷவர் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் தானாக ஓட்டம் ஏற்படாது, பம்பும் கிளம்பாது. குழாயை இலேசாகத் திறந்து சொட்டுச் சொட்டாகப் பிடிக்கும்போதும் கிளம்பாது. ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) தண்ணீருக்குள்ளேயே சுழலும் வகையானால், அதன் அச்சு கிடைமட்டமாக இருக்கும்படிதான் பொருத்த வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் மேல் பேரிங்கில் காற்று தேங்கித் தேய்ந்துவிடும்.

பிரஷர் சுவிட்சும், காற்றையும் தண்ணீரையும் ஒரு சவ்வு பிரித்து வைக்கும் பிரஷர் டேங்கும் கொண்ட அமைப்பு, அழுத்தம் ஒரு கீழ் எல்லைக்கு இறங்கியதும் ஓடத் தொடங்கி, மேல் எல்லையை எட்டியதும் நின்றுவிடும். தொட்டியின் உயரம் எதுவானாலும், தொட்டி நிலத்துக்கு அடியிலேயே இருந்தாலும் இது வேலை செய்யும். டேங்கின் மேல் 24 லிட்டர் என்று எழுதியிருந்தால் அவ்வளவு தண்ணீரையும் அது சேமித்துத் தரும் என்று எண்ண வேண்டாம். 1.5 பாரில் தொடங்கி 2.5 பாரில் நிற்கும் அமைப்பில், பம்ப் மறுபடி ஓடுவதற்கு முன் கிடைப்பது ஏறத்தாழ 6 லிட்டர்தான். ஆயினும் அந்த 6 லிட்டர்தான் ஒவ்வொரு முறை கை கழுவும்போதும் மோட்டார் எழுந்துவிடாமல் காக்கிறது.

டேங்குக்குப் பதிலாகச் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி வரும் பம்புகள் இடத்தை மிச்சப்படுத்தும். தொட்டி காலியாகிவிட்டால் பம்பை நிறுத்தும் வசதியும் இவற்றில் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இவற்றில் தொடக்க அழுத்தம் பல கருவிகளில் 1.5 பார் என்று நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். கருவி கீழ்த்தளத்தில் இருந்து, மிக உயரத்தில் உள்ள குழாய் அதற்கு மேல் 15 மீட்டரைத் தாண்டி இருந்தால், மேலே திறந்தாலும் நிற்கும் நீர்த்தூணின் எடையே 1.5 பாரைக் காட்டிக்கொண்டிருப்பதால் பம்ப் எழவே எழாது. மோட்டாரின் சுழற்சி வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வகைதான் எத்தனை குழாய் திறந்தாலும் அழுத்தத்தை ஒரே சீராக வைத்திருக்கும். நான்கைந்து குளியலறைகள் உள்ள வீட்டுக்கு அது பொருத்தம், ஒரே குளியலறைக்கு மிகை.

பொருத்தும்போது விட்டுவிடக் கூடாதவை

பம்புக்கு உள்ளே வரும் குழாய், பம்பின் நுழைவாயைவிடச் சிறியதாக ஒருபோதும் இருக்கக் கூடாது. இழுக்கும் பக்கம் பட்டினி கிடந்தால் உள்ளே நீராவிக் குமிழ்கள் தோன்றி உடைந்து, கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் எழும். அந்தக் குமிழ்கள் இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தை, அரித்துவிடும். நுழைவுப் பக்கத்தில் ஒரு வால்வும் ஒரு வடிகட்டியும், இருபுறமும் யூனியனும் (கழற்றி மாட்டக்கூடிய குழாய் இணைப்பு) வைத்தால், நாளை பழுது பார்க்கும்போது குழாயை அறுக்க வேண்டியிருக்காது. பம்பைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு மாற்றுக்குழாயையும், அதில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வையும் சேர்த்துவிடுங்கள். மின்சாரம் இல்லாதபோது பழைய வேகத்திலாவது தண்ணீர் வரும். அந்த வால்வை மறந்துவிட்டால், பம்ப் வெளியே தள்ளும் தண்ணீர் மாற்றுக்குழாய் வழியே திரும்பி வந்து பம்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் ரப்பர் விரிப்பும், இருபுறமும் வளையும் குழாய்த்துண்டும் வைத்தால் அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறைக்குப் போகாது.

மின் இணைப்பில் எந்தச் சமரசமும் கூடாது. குளியலறைத் தண்ணீரோடு நேரடித் தொடர்புள்ள மோட்டார் என்பதால், முறையான எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும்.

பொது விநியோகக் குழாயில் பம்பை நேரடியாக இணைத்து உறிஞ்சுவதைப் பல இடங்களில் சட்டமே தடுக்கிறது. தடுக்காத இடத்திலும் அதைச் செய்யக் கூடாது. உறிஞ்சும்போது தெருக்குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே போனால், அதன் விரிசல்கள் வழியாகச் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படும். அதைக் குடிப்பவர்கள் நீங்களும் உங்கள் அண்டை வீட்டாரும்தான். முதலில் ஒரு தொட்டியில் நிரப்பி, அதிலிருந்து பம்ப் எடுப்பதே முறை.

வெந்நீர் பற்றிய எச்சரிக்கையை இருமுறை படியுங்கள். கண்ணாடிக் குழல்களோடு வரும் சூரிய வெப்ப நீர்ச்சூடாக்கிகளில் பல, அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. அவற்றின் தொட்டிக்குள் பம்பின் அழுத்தத்தைச் செலுத்தினால் தொட்டி பிளந்துவிடும். கீசரின் பெயர்ப்பலகையில் எத்தனை பார் தாங்கும் என்று எழுதியிருக்கும். அது, பம்பின் அதிகபட்ச ஹெட்டோடு தொட்டியிலிருந்து கீசர் வரையுள்ள உயரத்தையும் சேர்த்த அளவைவிடத் தெளிவாக அதிகமாக இருக்க வேண்டும். பாதுகாப்பு வால்வு இல்லாத கீசரைப் பம்ப் குழாயோடு இணைக்கவே கூடாது. குளிர்நீருக்கு மட்டும் அழுத்தம் ஏற்றி வெந்நீரை அப்படியே விட்டால், கலவைக் குழாயில் குளிர்நீர் வெந்நீரைப் பின்னோக்கித் தள்ளி, எவ்வளவு திருப்பினாலும் சூடு வராது. ஏற்றினால் இரண்டுக்கும் சேர்த்து ஏற்ற வேண்டும்.

பழுது கண்டறிதல்

எதைத் தொடுவதற்கு முன்பும் மின்சாரத்தைச் சுவிட்சில் மட்டுமல்லாமல் மின்பலகையில் உள்ள எம்.சி.பி.யிலும் நிறுத்திவிடுங்கள்.

யாரும் தண்ணீரைப் பயன்படுத்தாத நள்ளிரவில் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடி நிற்கிறது என்பதுதான் பிரஷர் சுவிட்ச் வகையில் அதிகம் வரும் குறை. பம்புக்கு அடுத்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடிவிட்டுக் கவனியுங்கள். ஓடுவது நின்றுவிட்டால் கசிவு வீட்டுக்குள் இருக்கிறது. பெரும்பாலும் அது கழிப்பறை ஃபிளஷ் தொட்டியாகத்தான் இருக்கும். தொட்டியில் சிறிது வண்ணப்பொடியைக் கரைத்து, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். வால்வை மூடிய பிறகும் ஓடுகிறது என்றால், நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாமல் தண்ணீர் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது.

குழாய் திறந்திருக்கும்போது பம்ப் படபடவென்று நொடிக்கணக்கில் ஓடி நின்று ஓடுகிறது என்றால், பிரஷர் டேங்கில் காற்று போய்விட்டது. இதைச் சோதிக்கும்போது பலர் செய்யும் தவறு, உள்ளே தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும்போதே காற்றை அளப்பது. அப்போது தெரிவது தண்ணீரின் அழுத்தமே. பம்பை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து தண்ணீர் முழுவதும் வடிந்த பிறகு, டேங்கின் காற்று வால்வில் வண்டிச் சக்கரத்துக்குப் பயன்படும் அளவியை வைத்துப் பாருங்கள். தொடக்க அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக இருக்க வேண்டும்: 1.5 பாரில் தொடங்கும் பம்புக்கு 1.3 பார். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பாலேயே ஏற்றிவிடலாம். காற்று வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. சவ்வையோ டேங்கையோ மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் பம்ப் நிற்கவில்லை என்றால், ஃப்ளோ சுவிட்ச் வகையில் அதன் காந்தத்தில் துருத்துகள்கள் ஒட்டிக்கொண்டு, அசையும் பகுதி திறந்த நிலையிலேயே மாட்டியிருக்கக்கூடும். கழற்றிக் கழுவினால் போதும். பிரஷர் சுவிட்ச் வகையில், நிறுத்த வேண்டிய மேல் எல்லையைப் பம்பால் எட்டவே முடியாத அளவுக்கு யாராவது திருகி ஏற்றியிருப்பார்கள், அல்லது இம்பெல்லர் தேய்ந்ததால் பம்பே முன்பு எட்டிய அழுத்தத்தை இப்போது எட்ட முடியாமல் இருக்கும்.

பம்ப் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால், தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் ஏறிப் பாருங்கள். பிறகு நுழைவு வால்வு, வடிகட்டி, பம்புக்குள் சிக்கிய காற்று என்று வரிசையாகப் பாருங்கள். பம்பின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழ் நின்று தண்ணீர் சீராக வரும்வரை விட்டு மூட வேண்டும். கீழ்த்தொட்டியிலிருந்து மேலே இழுக்கும் அமைப்பில் இழுகுழாயின் ஒரு சிறு ஊசித்துளைகூடக் காற்றை உள்ளே விட்டுவிடும். இழுகுழாயின் அடிமுனையில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு மூடாவிட்டால் ஒவ்வொரு காலையும் பம்பில் தண்ணீர் ஊற்றித்தான் கிளப்ப வேண்டியிருக்கும்.

மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால் சில நொடிகளுக்குள் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் மோட்டாரின் கம்பிச்சுருளான 'காயில்' வேகமாகச் சூடேறி எரிந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்தபின், மின்விசிறிப் பக்கத்திலிருந்து அச்சைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலவில்லை என்றால் இம்பெல்லர் துருவாலோ மணலாலோ இறுகியிருக்கிறது. சில வாரம் பயன்படுத்தாமல் கிடந்த பம்பில் இது இயல்பு. எளிதாகச் சுழல்கிறது என்றால் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டர் மின்னேற்றத்தைத் தக்கவைத்திருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடாமல் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட வேண்டும். புதியது அதே மைக்ரோஃபாரட் அளவிலும், குறையாத வோல்ட் அளவிலும் இருக்க வேண்டும். மின்னழுத்தம் மிகக் குறைந்த நேரங்களில் மட்டும் இப்படி முனகுகிறது என்றால், பம்பில் பழுதே இல்லாமலும் இருக்கலாம். மின்னழுத்தம் குறையும்போது மோட்டாரின் தொடக்க விசை அதன் வர்க்கத்தில் குறைகிறது.

மோட்டாருக்கும் பம்புக்கும் இடையில் சொட்டும் தண்ணீரைச் சிறிய குறை என்று தள்ளிப்போடாதீர்கள். அது, சுழலும் அச்சைச் சுற்றித் தண்ணீர் வெளியேறாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் போய்விட்டதன் அறிகுறி. தண்ணீரில்லாமல் ஓடியதே பெரும்பாலும் அதற்குக் காரணம். சீல் விலை குறைந்த பொருள். விட்டுவைத்தால் அதே தண்ணீர் பேரிங்கில் இறங்கி உறுமல் சத்தத்தை உண்டாக்கி, பிறகு காயில் வரை போய்விடும். ஓட்டும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. துண்டிக்கிறது என்றால் அந்த நிலை வந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கருவியை ஒதுக்கிவிட்டு நேரடியாக இணைத்து ஓட்டிப் பார்க்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். குளித்துக்கொண்டிருப்பவர் உயிர் அதில் இருக்கிறது.

சீல், பேரிங், கெபாசிட்டர், சுவிட்ச், சவ்வு ஆகிய ஐந்தும் மாற்றிக்கொள்ளத் தகுந்தவை. சிறிய பம்பில் காயில் எரிந்துவிட்டால் மறுபடி சுற்றுவதைவிடப் புதிது வாங்குவதே பெரும்பாலும் மேல். ஆனால் புதியதைப் பொருத்துவதற்கு முன், பழையது தண்ணீரில்லாமல் ஓடியதாலா, ஓயாமல் தொடங்கி நின்றதாலா, இறுகிய இம்பெல்லரோடு மின்சாரத்தில் கிடந்ததாலா எரிந்தது என்பதைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் புதிய பம்புக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும்.